உங்கள் பணத்துக்கு யார் காவல்? இந்திய வங்கி முறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு சின்ன ஊரின் கடைத்தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஓர் அரசு வங்கி. நாலு கடை தள்ளி நகைக்கடன் நிறுவனம், அதன் மாடியில் சீட்டு கம்பெனி. தெருமுனையில் கூட்டுறவு சொசைட்டி. அதற்கடுத்து 'நிதி லிமிடெட்' என்று ஒரு பலகை, பிறகு அடகுக்கடை, கடைசியில் தபால் நிலையம். எல்லா இடத்திலும் கவுன்டர் இருக்கிறது. பணம் கட்டினால் முத்திரை குத்தி ரசீது தருகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் இந்த ஏழு கவுன்டர்களுக்கும் மேலே இருக்கும் அதிகாரிகள் வேறு வேறு, சட்டங்கள் வேறு வேறு. நாளைக்கு அந்த இடம் மூடப்பட்டால் உங்கள் பணம் திரும்ப வருமா என்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பணம் போடப் போகிறவர்கள் முதலில் கேட்பது 'வட்டி எவ்வளவு?' என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த இடத்துக்கு உரிமம் கொடுத்தது யார்? வங்கிக் கட்டுப்பாடு பற்றி ஒரு சாதாரண வாடிக்கையாளர் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கிறது.

முதல் படி: உரிமத்தைப் பாருங்கள்

'வங்கி' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ள முடியாது. 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்றுத்தான் வங்கித் தொழில் நடத்த முடியும். பாரத ஸ்டேட் வங்கிக்கும் மற்ற அரசு வங்கிகளுக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டங்களே இயற்றியிருக்கிறது. அவையும் ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக்குள்தான் வருகின்றன. தனியார் வங்கி, வெளிநாட்டு வங்கியின் கிளை, சிறு நிதி வங்கி, பேமென்ட்ஸ் வங்கி எல்லாவற்றுக்கும் ரிசர்வ் வங்கியே காவல். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி போன்ற வட்டார ஊரக வங்கிகளுக்கு விதிகளை எழுதுவது ரிசர்வ் வங்கி. நேரில் வந்து ஆய்வு செய்வது ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு.

கூட்டுறவில்தான் பலரும் குழம்புகிறார்கள், குழம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. நகரக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி ஆகியவை ரிசர்வ் வங்கியின் வங்கி விதிகளுக்குள் வருகின்றன; சங்கம் என்ற முறையில் கூட்டுறவுப் பதிவாளருக்கும் கட்டுப்பட்டவை. ஊரில் நாம் 'சொசைட்டி' என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் அப்படியில்லை. அது முழுக்க மாநில அரசின் கூட்டுறவுத் துறைக்குக் கீழ் இயங்குவது. பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுத்து விவசாயிக்குப் பெரிய துணையாக இருக்கும் இடம்தான் அது. ஆனாலும் வங்கி டெபாசிட்டுக்கு உள்ள காப்பீடு அங்கே போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. காப்பீட்டைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நகைக்கடன் நிறுவனங்கள் வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள். இவையும் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்தவைதான். ஆனால் பதிவு இருக்கிறது என்பதற்காகப் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கலாம் என்று பொருளில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிறுவனங்களிலும் அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட் காப்பீடு இல்லை.

சீட்டு கம்பெனியை ரிசர்வ் வங்கி பார்ப்பதில்லை. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி அதைக் கவனிப்பவர் மாநில அரசின் சீட்டுப் பதிவாளர். ஒவ்வொரு சீட்டையும் தொடங்கும் முன் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையை அவர் பெயரில் வைக்க வேண்டும். எனவே சீட்டில் சேரும்போது கம்பெனி எத்தனை வருடமாக நடக்கிறது என்று மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட சீட்டின் பதிவு விவரத்தைக் கேளுங்கள். 'நிதி' நிறுவனங்கள் மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகத்துக்குக் கீழ் வருபவை. உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கி, உறுப்பினர்களுக்கு மட்டுமே கடன் கொடுக்கலாம். அடகுக்கடை 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக்கடைக்காரர் சட்டத்துக்குள் வருவது. தபால் நிலையச் சேமிப்பு நேரடியாக மத்திய அரசின் பொறுப்பு.

எப்படிச் சரிபார்ப்பது? ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் வங்கிகளின் பட்டியலும் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியலும் இருக்கின்றன. 'சாசேத்' என்று ஒரு தளத்தையும் ரிசர்வ் வங்கி நடத்துகிறது. டெபாசிட் வாங்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று அதில் பார்க்கலாம், சந்தேகம் இருந்தால் அங்கேயே புகாரும் கொடுக்கலாம். வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்றே முடிய வேண்டும். 2025 அக்டோபர் 31-க்குள் மாறச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. செல்பேசியில் வரும் இணைப்பு வேறு மாதிரி முடிந்தால் தொடாதீர்கள். கடன் செயலிகளுக்கும் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் கடன் செயலி, அந்த ஒரு காரணத்தாலேயே விதியை மீறியது.

எந்தப் பட்டியலையும் திறக்காமல் செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு. டெபாசிட் வாங்க அனுமதி உள்ள நிதி நிறுவனம் ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. 'நிதி' நிறுவனங்களுக்கும் இதே உச்சவரம்புதான். 'லட்சத்துக்கு மாதம் இரண்டாயிரம்' என்று ஒருவர் சொன்னால் அது ஆண்டுக்கு 24 சதவீதம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அப்படி ஏற்கெனவே பணம் போட்டு ஏமாந்திருந்தால் வங்கிக் குறைதீர்ப்பு முறை உங்களுக்கு உதவாது. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவு காவல்துறையிடம் போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு தாமதிக்காதீர்கள். சொத்து முடக்கப்படும்போது பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் உங்கள் பெயரும் இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: மேலே இருப்பவர்கள் யார், யாருக்கு என்ன அதிகாரம்

சென்னையில் 1906-ஆம் ஆண்டு ஆர்பத்நாட் அண்ட் கோ என்ற பெரிய நிறுவனம் திவாலானது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு போனது. அந்த அதிர்ச்சியில்தான் மறு ஆண்டே இந்தியன் வங்கி பிறந்தது. அன்று இந்தியாவில் மத்திய வங்கி கிடையாது. ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கியது; தனியார் பங்குதாரர்களிடம் இருந்த அது 1949 ஜனவரி 1-இல் அரசுடைமை ஆனது. அதே 1949-இல் வந்த வங்கி ஒழுங்குமுறைச் சட்டம்தான் இன்றுவரை அடித்தளம்.

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். அந்தச் சட்டம் தரும் அதிகாரத்தில் உரிமம் கொடுப்பதும், விதி எழுதுவதும், ஆய்வு செய்வதும், அபராதம் போடுவதும், கடைசியில் உரிமத்தைப் பறிப்பதும் ரிசர்வ் வங்கி. அதன் ஆளுநரையும் நான்கு துணை ஆளுநர்கள் வரையிலும் மத்திய அரசு நியமிக்கிறது. வட்டி விகிதத்தை 2016 முதல் ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு முடிவு செய்கிறது. செய்தியில் 'ரெப்போ' (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி) என்று வருவது இவர்களுடைய முடிவு. உங்கள் வீட்டுக்கடன் தவணை ஏறுவதும் இறங்குவதும் அங்கே தொடங்குகிறது.

நிதி அமைச்சகம் எங்கே வருகிறது? 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகளும் 1980-இல் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமை ஆயின. இணைப்புகளுக்குப் பிறகு 2020 முதல் அரசு வங்கிகள் 12. இவற்றின் பெரும்பான்மைப் பங்குக்கு உரிமையாளர் மத்திய அரசு. தலைவர்களையும் இயக்குநர்களையும் நியமிப்பது அரசு. தனியார் வங்கியின் தலைமை நிர்வாகியை நியமிக்க ரிசர்வ் வங்கியின் ஒப்புதல் வேண்டும், தவறு செய்தால் ரிசர்வ் வங்கியே நீக்கவும் முடியும். அரசு வங்கியில் அந்த அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு இல்லை. உரிமையாளரும் சட்டம் போடும் இடமும் ஒரே அரசாக இருக்கும்போது காவலர் கை கொஞ்சம் கட்டப்பட்டிருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் இத்தனை ஆண்டுகள் விட்டு வைத்திருப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

மற்ற காவலர்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பங்குச்சந்தையும் மியூச்சுவல் ஃபண்டும் செபியிடம், காப்பீடு ஐஆர்டிஏஐயிடம், தேசிய ஓய்வூதியத் திட்டம் பிஎஃப்ஆர்டிஏவிடம். யூபிஐயை நடத்துவது என்பிசிஐ என்ற நிறுவனம், அதற்கு மேலே மறுபடியும் ரிசர்வ் வங்கி.

இந்த வரி ஏன் முக்கியம் என்றால், வங்கிக் கவுன்டரிலேயே மூன்று காவலர்களின் சரக்கும் விற்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் சித்தப்பா ஒருமுறை 'எல்லாம் எஃப்டிதான்' என்று மூன்று காகிதங்களை மேஜையில் பரப்பினார். ஒன்றில் 'நிலையான வைப்பு' என்று இருந்தது. அது மட்டும்தான் டெபாசிட். இரண்டாவது ஒரு நகைக்கடன் நிறுவனத்தின் கடன் பத்திரம். அந்த நிறுவனம் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் போனால் அவர் அதற்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நிற்க வேண்டியவர். மூன்றாவதில் பிரீமியம் என்ற சொல்லும் பாலிசி எண்ணும் இருந்தன. ஐந்து வருடம் கட்ட வேண்டிய காப்பீடு. மூன்றுக்கும் அவருக்குக் கிடைத்த விளக்கம் ஒன்றே: 'சார், எஃப்டியை விட நல்லா வரும்.' நல்லவேளையாகக் காப்பீட்டை ஆரம்பக் கெடுவுக்குள் ரத்து செய்ய முடிந்தது. காகிதத்தின் தலைப்பு வரியைப் படியுங்கள். வைப்பு, பத்திரம், பாலிசி, யூனிட், பங்கு மூலதனம் என்ற ஐந்தில் எந்தச் சொல் இருக்கிறதோ, அதை வைத்தே உங்கள் காவலர் யார் என்று தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: உங்கள் வங்கியின் உடல்நிலையை நீங்களே பாருங்கள்

ரிசர்வ் வங்கி வங்கிகளை எப்படிக் கட்டிப்போடுகிறது என்பதற்குச் சில எண்கள் போதும். நாம் போடும் பணம் முழுவதையும் வங்கி கடனாகக் கொடுத்துவிட முடியாது. நூறு ரூபாயில் 3 ரூபாயை வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் இந்த விகிதம் இதற்குக் குறைந்தது. இன்னொரு 18 ரூபாயை அரசுப் பத்திரம் போன்ற எளிதில் காசாக்கக்கூடிய வடிவில் வைத்திருக்க வேண்டும். இவை அவசரத்துக்கு.

கடன் திரும்ப வராமல் போனால் அந்த நஷ்டத்தை முதலில் தாங்க வேண்டியது வங்கியின் சொந்த மூலதனம். வங்கி மூலதனத்துக்கான உலக அளவிலான பாசல் விதி, ஆபத்துக்கேற்ப எடைபோட்ட கடன்களிலும் முதலீடுகளிலும் குறைந்தபட்சம் 8 சதவீதம் என்கிறது; இந்தியாவில் 9. அதோடு கூடுதல் அரணாக 2.5 சேர்த்து 11.5 சதவீதம் வைத்திருக்க வேண்டும். தவணை 90 நாள் தாண்டி நிலுவையில் நின்றால் அந்தக் கடனை வாராக்கடன் என்று காட்டியாக வேண்டும்.

இந்த எண்களைத் தேட எந்த நிபுணரும் வேண்டாம். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட வங்கிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகளை வெளியிடுகின்றன. அதில் இரண்டு இடங்களைப் பாருங்கள்: மூலதன விகிதம், நிகர வாராக்கடன் விகிதம். முதலாவது 11.5-க்கு அருகில் இறங்கிக்கொண்டே வருகிறதா? இரண்டாவது ஏறிக்கொண்டே போகிறதா? நிகர வாராக்கடன் 6 சதவீதத்தைத் தொட்டால் ரிசர்வ் வங்கி 'உடனடித் திருத்த நடவடிக்கை' என்ற வளையத்துக்குள் அந்த வங்கியைக் கொண்டுவரலாம். டிவிடெண்ட் கொடுப்பது, கிளை திறப்பது, கடன் கொடுப்பது என்று பலதும் அப்போது கட்டுப்படுத்தப்படும். வளையத்துக்குள் போன வங்கி எல்லாம் மூழ்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 முதல் 2021 வரை அதற்குள் இருந்து தேறி வெளியே வந்தது. அது எச்சரிக்கை விளக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு பழக்கமும் நல்லது. வங்கிகளுக்குப் போடும் அபராதங்களை ரிசர்வ் வங்கி காரணத்தோடு செய்திக் குறிப்பாக வெளியிடுகிறது. உங்கள் வங்கியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். சிறு நகரக் கூட்டுறவு வங்கியில் பணம் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மேலே சொன்ன காலாண்டு முடிவுகள் அவர்களுக்கு எளிதாகக் கிடைப்பதில்லை.

நான்காம் படி: வங்கி விழுந்தால் என்ன ஆகும்

கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி 1960-இல் விழுந்தது. அதன் பிறகு வந்த சட்டத்தால் 1962 ஜனவரி 1-இல் டெபாசிட் காப்பீடு தொடங்கியது. அன்று காப்பீட்டு வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் ஒரு லட்சம் ஆனது. அதற்குப் பிறகு 27 ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை. 2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி, ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த பெருங்கடன்களை ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளுக்குப் பின்னால் மறைத்திருந்தது வெளியே வந்தது. முதலில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். மருத்துவச் செலவுக்கும் கல்யாணச் செலவுக்கும் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் மக்கள் வீதியில் நின்றார்கள். அதன் பிறகுதான் 2020 பிப்ரவரி 4-இல் வரம்பு 5 லட்சம் ஆனது. கூட்டுறவு வங்கிகள் மீது ரிசர்வ் வங்கிக்குக் கூடுதல் அதிகாரமும் கிடைத்தது. 2021-இல் இன்னொரு திருத்தம்: வங்கி மீது பணம் எடுக்கும் கட்டுப்பாடு வந்தால், காப்பீட்டுத் தொகையை 90 நாளுக்குள் தர வழி செய்தார்கள். அதற்கு முன் வங்கி முழுவதுமாக மூடப்படும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, சில நேரம் ஆண்டுக்கணக்கில்.

இந்த 5 லட்சத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வரம்பு ஒரு கணக்குக்கு அல்ல, ஒரு வங்கியில் ஒரு நபருக்கு. அதே வங்கியின் மூன்று கிளைகளில் போட்டாலும் சேமிப்பு, நிலையான வைப்பு, தொடர் வைப்பு எல்லாம் சேர்ந்து 5 லட்சம்தான். வட்டியும் அதற்குள் அடக்கம். அசல் 5 லட்சமாக இருந்தால் வட்டிக்குக் காப்பு இல்லை. அந்த வங்கியில் உங்களுக்குக் கடன் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கணவன் மனைவி கூட்டுக்கணக்கை தனிக்கணக்கிலிருந்து பிரித்தே எண்ணுவார்கள். வேறு வங்கியில் போட்டால் அங்கே தனியாக 5 லட்சம். காப்பீட்டுக்கான பிரீமியத்தை வங்கிதான் கட்டுகிறது, உங்களிடம் வசூலிக்க முடியாது. உங்கள் வங்கிக்குக் காப்பீடு உண்டா என்று அறிய டிஐசிஜிசி என்ற காப்பீட்டுக் கழகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது.

ஆனால் வணிக வங்கிகள் விழும் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் காப்பீடு வரை போகவிடுவதில்லை. கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியே நமக்கு அருகில் இருக்கும் உதாரணம். 2019 செப்டம்பரில் அது உடனடித் திருத்த வளையத்துக்குள் போனது. மறு ஆண்டு செப்டம்பரில் பங்குதாரர்களே வாக்களித்துத் தலைமை நிர்வாகி உட்பட ஏழு இயக்குநர்களை வெளியேற்றினார்கள். 2020 நவம்பர் 17-ஆம் தேதி கட்டுப்பாடு வந்தது, ஒருவர் 25,000 ரூபாய் மட்டுமே எடுக்கலாம் என்று. பத்து நாளில், நவம்பர் 27-இல், அது டிபிஎஸ் இந்தியா என்ற வங்கியோடு இணைந்தது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பங்கு முழுவதும் பூஜ்யம் ஆனது. வங்கியின் சிலவகைக் கடன் பத்திரங்களில் போட்டவர்களின் பணமும் போனது. ஒரே வங்கி, ஒரே கிளை. கையில் இருந்த காகிதம் மட்டும் வேறு. சித்தப்பாவின் மூன்று காகிதங்களை நான் இவ்வளவு பெரிதாகச் சொன்னது இதனால்தான்.

கட்டுப்பாடு வந்த செய்தி கேட்டால் என்ன செய்வது? முதலில் ரிசர்வ் வங்கியின் செய்திக் குறிப்பைத் தேடிப் படியுங்கள். வாட்ஸ்அப் தகவலை நம்ப வேண்டாம். எவ்வளவு எடுக்கலாம், எத்தனை நாளுக்கு என்று அதில் இருக்கும். வங்கியில் உள்ள உங்கள் அடையாளச் சரிபார்ப்பு விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். காப்பீட்டுத் தொகை வர வேண்டுமானால் கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும், பணம் போய்ச் சேர இன்னொரு வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும். எல்லாக் காசையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள் என்று சொல்வது இந்த நாட்களுக்காகத்தான். மாதச் செலவுக்கான பணமாவது வேறு ஒரு வங்கியில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: குறை இருந்தால் யாரிடம் போவது

நேராக ரிசர்வ் வங்கிக்கு எழுதினால் மனு திரும்பி வந்துவிடும். வரிசை இருக்கிறது. முதலில் உங்கள் வங்கியிடம் எழுத்தில் புகார். கிளையில் வாயால் சொல்லிவிட்டு வருவது புகார் ஆகாது. புகார் எண் கையில் இருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்துக்குப் போகலாம். 2021 நவம்பரில் வந்த இந்தத் திட்டத்தில் எந்த ஊர் அலுவலகம் என்று தேட வேண்டியதில்லை. சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம். கட்டணம் எதுவும் இல்லை. வக்கீல் மூலம் போக முடியாது, தேவையும் இல்லை. 'நான் வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்கும் இடைத்தரகரை நெருங்கவிடாதீர்கள்.

கடன் தர மறுத்தார்கள் என்பது போன்ற வணிக முடிவுகளையும், ஏற்கெனவே நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகளையும் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார். சேவைக் குறைபாடுதான் அவர் எல்லை.

புகார் எழுதும் விதம் முக்கியம். மூன்று பக்கம் மனவருத்தம் எழுதினால் படிப்பவருக்கு எதைச் சரிசெய்வது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: 'ஜூன் 3-ஆம் தேதி மாலை ஏடிஎம்மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. பரிவர்த்தனை எண் இது. ஜூன் 5-ஆம் தேதி புகார் செய்தேன், புகார் எண் இது. விதிப்படி ஐந்து நாளில் திரும்ப வந்திருக்க வேண்டும். அசலும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாயும் வேண்டும்.' தேதி, தொகை, எண், விதி, கோரிக்கை. கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்க நகலை இணைத்தால் போதும்.

விதி தெரிந்தால் புகாருக்கு எலும்பு வந்துவிடுகிறது. அடிக்கடி பயன்படுபவற்றைச் சொல்கிறேன். ஏடிஎம் விதி மேலே சொன்னதுதான், 2019-இல் வந்தது. அந்த நூறு ரூபாயை நீங்கள் கேட்காமலே வங்கி தர வேண்டும். வீட்டுக்கடனை முழுவதும் அடைத்த பிறகு அசல் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக்கூடாது. குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று கட்டணம் போட்டே சேமிப்புக் கணக்கை மைனஸுக்குத் தள்ளக்கூடாது. குறைந்தபட்ச இருப்பே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் பல கிளைகளில் படிவம் வெளியே வரும்.

மோசடியில் பணம் போனால் இந்த 30 நாள் வரிசையை மறந்துவிடுங்கள். அங்கே நிமிடம்தான் கணக்கு. உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கியின் எண்ணை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறெங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்து, மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், 2017-ஆம் ஆண்டின் விதிப்படி நஷ்டம் உங்களுடையது அல்ல. பத்து வேலை நாளில் வங்கி தொகையைக் கணக்கில் காட்ட வேண்டும். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தாலும் புகார் செய்யத் தயங்க வேண்டாம். தெரிவிக்கும் வரை போனது உங்கள் பொறுப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் புகார் செய்த நேரம் பதிவாக வேண்டும். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

ஆறாம் படி: வாரிசுகளுக்கும் பழைய கணக்குகளுக்கும்

இது சின்ன வேலை, ஆனால் தள்ளிப்போடப்படுகிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரர்களாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். பழைய கணக்குகளில் இறந்துபோனவர் பெயர் நியமனதாரராக நிற்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு ஆண்டுகள் வாடிக்கையாளர் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டு தாண்டினால் பணம் ரிசர்வ் வங்கியிடம் உள்ள விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். போனாலும் அது உங்களுடையதுதான், எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அப்பா, தாத்தா பெயரில் மறந்துபோன கணக்கு இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் 30 வங்கிகளை ஒரே இடத்தில் தேட முடியும். பெயரோடு பான் எண், பிறந்த தேதி போன்ற ஏதாவது ஓர் அடையாளம் வேண்டும். பழைய ஆவணங்களில் பெயரின் எழுத்துகள் மாறியிருக்கும். சுப்ரமணியன் என்ற ஒரு பெயரை மட்டுமே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். எல்லா விதத்திலும் தேடுங்கள். உத்கம் தகவல் மட்டுமே தரும். பணம் வாங்க அந்த வங்கியின் கிளைக்கு இறப்புச் சான்றிதழோடும் வங்கி கேட்கும் மற்ற ஆவணங்களோடும் போக வேண்டும். செயலற்ற கணக்கை உயிர்ப்பிக்க வங்கி கட்டணம் கேட்கக்கூடாது.